பச்சை மாறவில்லையா? போர்டைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: எங்கள் ஆலை வளாகத்துக்குள் இருக்கும் நாற்சந்திக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டை வைத்து சிக்னல் செய்கிறேன். மேசையில் எல்இடி வைத்து, பச்சைக்கு 5 நொடி கொடுத்தபோது ஒழுங்காக ஓடியது. 40 நொடி என்று மாற்றியதும் முதல் சாலைக்குப் பச்சை எரிகிறது, அப்புறம் மாறுவதே இல்லை. கிட் விற்றவர், "போர்டு போயிடுச்சு சார், பெரிய போர்டு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கலாமா? அடுத்து ரிலே (போர்டின் சிறு மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) வைத்து நிஜ விளக்குகளை மாட்டப் போகிறேன்.

பதில்: வாங்காதீர்கள். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'இத்தனை மில்லிநொடி காத்திரு' என்று சொல்லும் டிலே கட்டளையின் அடைப்புக்குறிக்குள் 40 * 1000 என்று எழுதியிருப்பீர்கள், அங்கேதான் கோளாறு.

ஊனோவில் (புதிய ஆர்4 தவிர) சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான். 32,767-ஐத் தாண்டினால் எண் நிரம்பி வழிந்து மைனஸ் பக்கம் போய்விடும். உங்கள் 40,000 அங்கே மைனஸ் 25,536 ஆகிறது. டிலேவுக்கு மைனஸ் தெரியாது. அதைச் சுமார் 429 கோடி மில்லிநொடி என்று எடுத்துக்கொள்கிறது. நாள் கணக்கில் 49 நாளும் சொச்சமும். அதுவரை காத்திருந்தால் உங்கள் சிக்னல் தானாகவே மாறும்! சந்தேகமிருந்தால் 40-ஐ எடுத்துவிட்டு 32 போடுங்கள், ஓடும். 33 போடுங்கள், நிற்கும்.

தீர்வு இரண்டே எழுத்து. 1000-க்குப் பின்னால் இடைவெளி விடாமல் யூ, எல் என்ற ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். நேரத்தை மாறியில் (வேரியபிளில்) வைத்திருந்தால் அதன் வகையை 'இன்ட்' என்பதிலிருந்து 'அன்சைன்ட் லாங்' என்று மாற்றுங்கள். 40 * 1000 என்று எண்களாகவே எழுதியிருந்தால், நிரலை போர்டுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் இந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகளை மறைத்தே வைத்திருக்கிறார்கள். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கென்று ஒன்றைச் செய்துவிட்டு, அவர்களுக்கு அவசியமானதையே மூடிவைப்பது என்ன நியாயமோ! பிரிஃபரன்ஸஸில் 'கம்பைலர் வார்னிங்ஸ்' என்பதை 'ஆல்' என்று மாற்றிவிடுங்கள்.

கிட்காரர் சொன்னதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'பெரிய போர்டு' என்று அவர் ஆர்டுயினோ மெகாவைத் தந்தால் பிரச்சினை அப்படியே இருக்கும், ஏனென்றால் அதிலும் 16 பிட் கணக்குதான். ஒயர் மாட்டும் பின்கள் மட்டும் அதிகம். ஈஎஸ்பி32 என்ற வேறு வகை போர்டைத் தந்தால் தீர்ந்துவிடும். அதில் முழு எண்ணுக்கு 32 பிட், 40,000 தாராளமாக அடங்கும். தப்பு நிரலிலேயே இருக்க, அவர் சொன்னதே சரி என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள். அடுத்த கோளாறுக்கும் அவரிடமே போய் நிற்பீர்கள். காரணம் சொல்லாமல் பொருளை மாற்றச் சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். புராஜெக்டை முழுதாகச் செய்து நிரலோடு விற்பவர்களும் இந்த ரகம்தான். மேசையில் 5 நொடி ஓடினால் பாஸ் போட்டுவிடுகிறார்கள், அவர்கள் பிழைப்பும் ஓடுகிறது.

சரி, நிஜ விளக்குகளுக்கு வருவோம். இரண்டு சாலைக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழாமல் பார்ப்பதை நிரலிடம் மட்டும் விடாதீர்கள். நிரல் தடுமாறலாம், ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளலாம். சாலைகளில் இருக்கும் தரமான சிக்னல்களில் இதைக் கண்காணிக்கவே தனிச் சுற்று உண்டு. உங்களுக்கு இந்தத் தடுப்புக்கு ஒரு சேஞ்ச்ஓவர் ரிலே (இரண்டு பக்கமும் மாறித் தொடும் வகை) போதும். பச்சை விளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தை, மஞ்சளின்போதும் எல்லாப் பக்கமும் சிவப்பின்போதும் அணைக்க இன்னொரு ரிலே வழியாக, அதன் காமனில் (பொது முனையில்) கொடுங்கள். ரிலே இழுக்காதபோது காமனைத் தொடும் என்சி முனையிலிருந்து வடக்கு-தெற்குப் பச்சைக்கும், இழுத்தபோது தொடும் என்ஓ முனையிலிருந்து கிழக்கு-மேற்குப் பச்சைக்கும் ஒயர் இழுங்கள். உள்ளே இருப்பது ஒரே கை. அது ஒரு பக்கம்தான் தொடும், ஒட்டிக்கொண்டாலும் ஒரு பக்கத்தில்தான் ஒட்டும். நான்கு பக்கத்துக்கும் தனித்தனிப் பச்சை என்றால் இப்படி மூன்று ரிலே, ஒன்றிலிருந்து இரண்டாகக் கிளை பிரித்து.

கடையில் கிடைக்கும் ரிலே போர்டு பெரும்பாலும் 'லோ' (பின்னில் மின்னழுத்தம் இல்லாத நிலை) கொடுத்தால் இழுக்கும் வகை. பின்னை முதலில் அவுட்புட் ஆக்கி, கொஞ்சம் தாமதித்து 'ஹை' கொடுத்தால், மின்சாரம் வந்ததும் ரிலேக்கள் ஒரு கணம் இழுக்கலாம். 'டக்' என்ற சத்தமே காதில் விழலாம். முதலில் 'ஹை' எழுதிவிட்டு, பிறகு அவுட்புட் ஆக்குங்கள்.

மஞ்சள் முடிந்ததும் எல்லாப் பக்கமும் சிவப்பாக ஓரிரு நொடி விடுங்கள். சந்திக்குள் மாட்டிக்கொண்ட லாரி வெளியேற வேண்டுமே. விளக்குகள் வீட்டு மின்சாரத்தில் எரிபவை என்றால் ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வளாகத்துக்கு வெளியே, பொதுச்சாலையில் இதை மாட்டவே கூடாது.