நானே வரவழைச்சுக்கிட்டதுங்களா?

கேள்வி: எனக்கு வயசு 36. திருப்பூர்ல பனியன் கம்பெனியில 11 வருஷமா செக்கிங் வேலை. வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர். மூணு மாசமா விடியக்காலம் 3 மணிக்கே முழிப்பு வந்துடுது, அப்புறம் ஒரே யோசனை. சோறு இறங்கறதில்லை. நாத்தனார் வீட்டு வளைகாப்புல என்னை யாரும் மதிக்கலை. பையன் ஏழாவது படிக்கிறான், கணக்குல 31 மார்க். நான் எதுக்கும் லாயக்கில்லாதவள், இனி எதுவும் மாறப்போறதில்லை. ராத்திரி நான் அழுதா அவன் தலையணையை எடுத்துட்டு வந்து பக்கத்துல படுத்துக்கறான். அவனையும் கெடுத்துட்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரையில ஒண்ணும் தெரியலைன்னு பத்து நாள்ல விட்டுட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, ‘எல்லாம் உன் நினைப்புதான், நல்லதையே நினை’ங்கறாங்க. அப்போ இதை நானே வரவழைச்சுக்கிட்டதுங்களாம்மா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை கண்ணு. மனச்சோர்வுங்கறது ஒரு நோய். வந்தா நினைப்பு கோணும். கோணின நினைப்பு சோர்வை இன்னும் கீழே இழுக்கும். அது உள்ளே வர்றதுக்குப் பல வாசல் இருக்கு: குடும்பவழி, தூக்கக்கேடு, கடன், தைராய்டு, பிரசவம். நினைப்பு அதுல ஒண்ணு. ஆனா நம்ம கைக்கு எட்டற வாசல்ங்கறதால அதைப் பத்தி விரிவா எழுதறேன்.

அமெரிக்காவுல ஆரன் பெக்னு ஒரு மனநல மருத்துவர் இருந்தார். 2021ல, நூறு வயசுல காலமானார். மனச்சோர்வுன்னா உள்ளே திரும்பின கோபம்னு சொல்லிக்கிட்டிருந்த காலத்துல, அதை நிரூபிக்கத்தான் நோயாளிகளோட கனவுகளை ஆராய்ந்தார். கோபம் கிடைக்கலை, தோல்வியும் இழப்பும்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. பேச்சுக்கு அடியில மின்னல் மாதிரி ஓடற நினைப்புகள் இருக்கறதையும் கவனிச்சார். தன்னைப் பத்தி, சுத்தியிருக்கறவங்களைப் பத்தி, வரப்போற காலத்தைப் பத்தின்னு மூணு திசையிலும் ஒரே இருட்டு. உங்க கடிதத்தை மறுபடி படிங்க. ‘லாயக்கில்லாதவள்’, ‘யாரும் மதிக்கலை’, ‘மாறப்போறதில்லை’. மூணும் இருக்கு.

உங்க வேலையைப் பாருங்க. டியூப்லைட் வெளிச்சத்துல பீஸை விரிச்சு, உள்பக்கம் திருப்பி, தோள்பட்டைத் தையல்ல ஊசி ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கான்னு தேடி, பார்த்த இடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டறீங்க. சரியா இருக்கற பீஸ் மேல கண்ணு நிக்கறதில்லை, அடுத்ததுக்குப் போயிடும். அது தொழில். மனச்சோர்வும் வீட்டுக்குள்ள வந்து அதையேதான் பண்ணுது. 11 வருஷம் சனிக்கிழமைச் சம்பளத்துல குடும்பம் நடத்தினது அதுக்குக் கண்ணுல படலை. 31 மார்க்குல ஸ்டிக்கர் ஒட்டிருச்சு.

இது எனக்கும் நடந்தது. 1996ல ரெண்டாவது பிரசவம் முடிஞ்சு நாலு மாசம். கோபியில வீடு. ஒருநாள் காலையில பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருச்சு. துணியால துடைச்சுக்கிட்டே நிக்கறேன்: பால் காய்ச்சத் தெரியலை, புள்ளை வளர்க்கத் தெரியலை, நான் இருந்து என்ன. பாலுக்கும் உசுருக்கும் நடுவுல அரை நிமிஷம்கூட இல்லை. எங்கம்மா வந்து ஒரு மாசம் கூட இருந்தாங்க. புத்தியெல்லாம் சொல்லலை. தினமும் காலையில தடப்பள்ளி வாய்க்கால் ஓரமா நடக்கக் கூட்டிட்டுப் போவாங்க. போக எனக்குத் துளியும் இஷ்டமிருக்காது. இஷ்டம் வந்தப்புறம் செய்யலாம்னு காத்திருந்தா அது வராது. செய்யச் செய்யத்தான் கொஞ்சம் கொஞ்சமா வரும். மருந்தும் எடுத்தேன்.

‘நல்லதையே நினை’ன்னு நான் சொல்ல மாட்டேன். பொய்யா நினைச்சா மனசு நம்பாது. நிஜமா என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, கண்ணால பார்த்ததை ஒரு பக்கம், மனசு சொன்னதை எதிர்ப்பக்கம் எழுதுங்க. வளைகாப்புல பார்த்தது என்ன? ‘நாத்தனார் என்கிட்ட வந்து பேசலை.’ மனசு சொன்னது? ‘மதிக்கலை.’ அன்னைக்கு அவங்க பந்தியைப் பார்த்தாங்களா, ஒறம்பரையைக் கவனிச்சாங்களா? வேற யாருகிட்டயாவது உக்காந்து பேசினாங்களா? உங்க டேபிள்ல கூட நிக்கற பொண்ணு இதையே சொன்னா, ‘ஆமா, நீ லாயக்கில்லை’ன்னா சொல்லுவீங்க? நிஜமாவே அவமதிச்சிருந்தாலும் அது அவங்க குணம். 3 மணி யோசனையை மட்டும் நோட்டுல ஏத்த வேண்டாம். அந்த நேரத்துல எழுந்து முகம் கழுவி, வேற இடத்துல உக்காருங்க. எதையும் விடிஞ்சப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.

பத்து நாள்ல ஒண்ணும் தெரியலைன்னீங்க. இந்த மருந்துகள் வேலை செய்ய ரெண்டு முதல் நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலா ஆகும். அதே டாக்டர்கிட்டப் போய் நிறுத்தினதைச் சொல்லுங்க, திட்டு விழுந்தாலும் சரி. தைராய்டும் ரத்தச்சோகையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. செலவு கையைக் கடிச்சா அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். செத்துப்போலாம்னு ஒரு நினைப்பு வந்தாலும் காத்திருக்காம வீட்டுக்காரரை எழுப்புங்க, அரசோட மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்க. கட்டணமில்லை, ராத்திரியிலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

தலையணை எடுத்துட்டு வர்ற பையனைப் பத்தின வரியை நாலு தடவை படிச்சேன். அதுலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களே கண்ணு! அழறவங்க பக்கத்துல வந்து படுக்கணும்னு அவனுக்கு யார் கத்துக்கொடுத்தது? ஆனா அவனும் பயந்திருப்பான், தன் மார்க்காலதான் அம்மா அழறாங்கன்னு நினைச்சிருப்பான். இன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட, ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை சாமி, டாக்டர்கிட்டப் போறேன், உன்னால இல்லை’ன்னு சொல்லிடுங்க.