தரங்கம்பாடிக்குத் தனி வண்டி: டிராப் போதுமா, கூடவே வைத்துக்கொள்வதா?

கேள்வி: காலையில் சென்னை விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே காரில் தரங்கம்பாடி போய் 2 இரவு தங்க நினைக்கிறோம். 70 வயதைத் தாண்டிய அப்பா, அம்மாவோடு மொத்தம் 5 பேர். ஒரு வழி டிராப் எடுப்பதா, 3 நாளும் வண்டியை வைத்துக்கொள்வதா?

பதில்: வைத்துக்கொள்ளுங்கள். போக வர ஏறத்தாழ 560 கி.மீ. வெளியூர் வாடகையில் பெரும்பாலும் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்கு. 3 நாளுக்கு 750 கி.மீ.க்கான பணம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் போய்விடும். ஆக 190 கி.மீ. உங்கள் கையில் மிச்சம். திருக்கடையூர் பக்கத்திலேயே இருக்கிறது. பூம்புகார் சுமார் 20 கி.மீ., வேளாங்கண்ணி 50 கி.மீ.க்குள். மூன்றுக்கும் போய்வந்தால் மிச்சம் ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

எங்கும் போகாமல் கடலோரத்திலேயே இருப்பதானால் இரண்டு டிராப்தான் மலிவு. ஆனால் திரும்புவதற்கு வண்டி பிடிப்பது அங்கே சுலபமில்லை. மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் 1986-லேயே நின்றுவிட்டது. டாக்சியும் பெரும்பாலும் 30 கி.மீ. தள்ளியுள்ள மயிலாடுதுறையிலிருந்தோ, அதைவிடப் பக்கமான காரைக்காலிலிருந்தோ வர வேண்டும். விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் டாக்சி ஆப்பை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

சாதாரண செடானில் டிரைவர் போக 4 பேர்தான். எர்டிகா போதும்: மூன்றாவது வரிசையில் பாதியை மடித்தால் 5 பேரும் உட்காரலாம், பெட்டிகளும் போகும். 6 பேரானால் பெட்டிக்கு இடமில்லை, இன்னோவாதான். கட்டாயம் மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து விபத்தானால், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அது ஒன்றே காரணமாகிவிடும்.

தகராறு பெரும்பாலும் பில்லில்தான் வரும். நாள் என்பது பலரிடம் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை; 24 மணி நேரம் அல்ல. இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அந்த 2 மணி நேரத்துக்கே ஒரு நாள் பேட்டாவும் 250 கி.மீ.யும் ஏறும். கி.மீ. எங்கிருந்து ஓடுகிறது, ஏறும் இடத்திலிருந்தா, ஷெட்டிலிருந்தா? டோல், பார்க்கிங், இரவு பேட்டா, டிரைவர் தங்குமிடம் யார் பொறுப்பு? எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஏறியதும் மீட்டரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பர்மிட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போனால் யூனியன் பிரதேச எல்லைக்குள் நுழைந்தாக வேண்டும். வேளாங்கண்ணிக்கு நேர்வழியிலும் காரைக்கால் குறுக்கே வரும். ஆல் இந்தியா பர்மிட் உள்ள வண்டியா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால் தற்காலிக பர்மிட் எடுக்க வேண்டும். செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு செலவு யாருடையது என்று பேச வேண்டியிருக்கும். விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர், சிதம்பரம் வழியாகப் போனால் புதுச்சேரியைத் தவிர்க்கலாம். வழியில் சாப்பாட்டுக்கும் பெரியவர்களின் ஓய்வுக்கும் நிறுத்தினால் 7 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் நடை குறைவு. டேனியர் (டென்மார்க்காரர்) கால நுழைவாயிலைத் தாண்டியதும் ராஜா வீதி. நேரே போனால் கடல். கோட்டை எதிரே உள்ள திடல் வரை வண்டி போகும், பெற்றோரை அங்கேயே இறக்கிவிடுங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தின்பேரில் 1620-இல் டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை அது. 1845-இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே வியாழன் இரவு வந்து சேர்ந்து மறுநாள் பார்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள். மேல்தளத்துக்கு ஏற முழங்கால் இடம் கொடுக்காவிட்டால் கீழ்த்தளக் கிடங்கு அறைகளே போதும். பருத்த சுவர்களும் வளைகூரையும் அங்கேதான் நன்றாகத் தெரியும்.

ராஜா வீதியிலேயே புதிய எருசலேம் ஆலயம். 1706-இல் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு 1719-இல் இறந்தபின் இங்கேதான் அடக்கமானார். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உள்ளே போங்கள். கோட்டைக்கு வடக்கே கடல் அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயிலை அவசியம் பாருங்கள். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது அது. காலை 7 மணிக்குள் போனால் கிழக்கு வெயில் நேரே கல்லில் விழும், வெக்கையும் இருக்காது. அங்கே கரையெல்லாம் பாறை, அலையும் இழுக்கும். குளிக்க இறங்க வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் உண்டு. ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது. திரும்பும் விமானம் மாலையில் என்றால் காலை 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். இரவு விமானமானாலும் காலை 11 மணியைத் தாண்டவிடாதீர்கள். செங்கல்பட்டிலிருந்து விமான நிலையம் வரை நெரிசலில் எவ்வளவு நேரம் போகும் என்று சொல்ல முடியாது.