முதலில் ராஜினாமாவைத் திரும்பப் பெறுங்கள், பிறகு பேரம் பேசுங்கள்

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 ஆண்டு 4 மாதமாக வேலை செய்கிறேன். சோதனைப் பிரிவில் 14 பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். போன செவ்வாய்க்கிழமை எச்.ஆர். அறைக்கு அழைத்தார்கள். ஆட்குறைப்பில் என் பெயரும் இருக்கிறதாம். மாலை ஆறு மணிக்குள் நானே ராஜினாமா செய்தால் ஆறு லட்சம் ரூபாயும் நல்ல விடுவிப்புக் கடிதமும் தருவார்களாம். இல்லையென்றால் ‘செயல்திறன் குறைவு’ என்று எழுதி நீக்குவார்களாம். நான் பயிற்சி கொடுத்து வளர்த்த பையனே அவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டே போர்ட்டலில் ‘சொந்தக் காரணம்’ என்பதைத் தேர்வு செய்து அனுப்பிவிட்டேன். வெளியே வரும்போது பாதுகாவலர் என் பையைத் திறந்து பார்த்தார். விலகும் தேதி இந்த மாதம் 30. அடிப்படைச் சம்பளம் 60,000, மொத்தச் சம்பளம் 1,10,000. பணி நியமனக் கடிதத்தில் இரு தரப்புக்கும் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை இறுதித் தீர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை கழுத்தை நெரிக்கிறது. மனஉளைச்சலுக்கு வழக்குப் போடலாமா? வேலை திரும்பக் கிடைக்குமா? கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். அந்தப் பையன் உட்கார்ந்திருந்த இடம், பாதுகாவலர் பையைத் திறந்தது, அமெரிக்க வாடிக்கையாளர் போன வருடம் அனுப்பிய பாராட்டு மின்னஞ்சல் ஆகியவற்றுக்கே நான்கில் மூன்று பங்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள். பதினோரு வருட உழைப்பை அரை மணி நேரத்தில் முடித்துவைத்தால் யாருக்கும் நெஞ்சு வேகும். ஆனால் தொழிலாளர் நீதிமன்றத்தில் அவற்றில் ஒன்றுகூட எடுபடாது. மனஉளைச்சலுக்குத் தனி வழக்கு என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். அதில் செலவாகும் பணமும் ஆண்டுகளும் திரும்பி வராது.

சட்டம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நிறுவனம் உங்களை நீக்கியதா, நீங்களாக விலகினீர்களா? இன்றைய நிலையில், காகிதத்தின்படி நீங்களாக விலகியிருக்கிறீர்கள், அதுவும் சொந்தக் காரணத்துக்காக. நீக்கப்பட்டவருக்குத்தான் ஆட்குறைப்பு இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம், நீக்கத்தை எதிர்த்துக் கேட்கும் உரிமை எல்லாம். விலகியவருக்கு மிஞ்சுவது பணிக்கொடையும் நிலுவைச் சம்பளமும் விடுப்புக்கான பணமும் மட்டுமே. அதனால்தான் அவர்கள் ஆறு மணி வரை காத்திருந்து அந்த ராஜினாமாவை வாங்கினார்கள்.

உங்கள் கையில் இன்னும் நாள் இருக்கிறது. தேதி 30 வரவில்லை. எதிர்காலத் தேதியில் நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை, அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1978-இல் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியின் ராஜினாமா பற்றிய வழக்கில் சொன்னது. ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று நிறுவனம் கடிதம் கொடுத்த பிறகும், பணி உறவு முடியாதவரை திரும்பப் பெறலாம் என்று 2005-இல் ஒரு பொதுத்துறை நிறுவன அதிகாரியின் வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் நிறுவனத்தின் பணி விதியில் இதற்கு மாறாக ஏதாவது வரி இருந்தால் அதை நீட்டுவார்கள். நீட்டட்டும். அதற்குப் பயந்து அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்று இரவே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் அது சொன்னதாகவே ஆகாது. நான்கு வரி போதும்: இன்ன தேதியில், இன்ன அறையில், இன்னார் முன்னிலையில், மாலை ஆறு மணிக்குள் ராஜினாமா செய்யாவிட்டால் செயல்திறன் குறைவு என்று நீக்குவோம் என்று சொல்லப்பட்டதால் அனுப்பினேன், அது என் விருப்பத்தால் ஆனது அல்ல, எனக்கு எந்தச் சொந்தக் காரணமும் இல்லை, இத்துடன் திரும்பப் பெறுகிறேன், தொடர்ந்து பணியாற்றத் தயாராக இருக்கிறேன். அவ்வளவுதான். வாடிக்கையாளரின் பாராட்டு, அந்தப் பையனின் நன்றிகெட்டதனம், வீட்டுக் கடன் எதுவும் வேண்டாம். எச்.ஆருக்கும் உங்கள் மேலாளருக்கும் அனுப்பி, தனிப்பட்ட மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போடுங்கள். அலுவலக மின்னஞ்சலை முடக்கிவிட்டால் தனிப்பட்ட முகவரியிலிருந்தே அனுப்பி, அதையே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். 30-ஆம் தேதிக்குப் பிறகு எழுதினால், மிரட்டலை நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில் விழும். மூடிய அறையில் நடந்ததை எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

இனி அந்த ஆறு லட்சம். கடிதத்தின் நகலை இணைத்திருந்தீர்கள், நல்லது. இரண்டாம் பத்தியில் ‘சட்டப்படியான அனைத்துத் தொகைகளும் உட்பட’ என்று ஒரு தொடர் இருக்கிறது. அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை என்பது கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, முடித்த ஆண்டுகளால் பெருக்குவது. 60,000 ரூபாய்க்கு 11 ஆண்டுக் கணக்கு 3,80,769 ரூபாய். இதை நீங்கள் ராஜினாமா செய்தாலும் தந்தே ஆக வேண்டும். அவர்களாக நீக்கினால் ஒப்பந்தப்படி தர வேண்டிய இரண்டு மாத நோட்டீஸ் சம்பளம் 2,20,000. இரண்டையும் கூட்டினால் 6,00,769. அவர்கள் தாராளமாகத் தருவதாகச் சொல்லும் தொகை, உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டியதைவிட 769 ரூபாய் குறைவு. ஆட்குறைப்பு இழப்பீடு என்று ஒரு பைசாகூட அதில் இல்லை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்று, அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் குறைந்தபட்சமாகப் போட்டாலும், அது 3,30,000 வரும். விடுப்புக்கான பணத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே வருகிறார்கள். பணம் வங்கியில் விழுந்திருக்கும், இரண்டு தவணை கட்டியிருப்பார்கள், அடுத்த வேலை அமைந்திருக்காது, பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று வருவார்கள். ‘என் முழு விருப்பத்தின் பேரில் விலகுகிறேன், நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை, இனியும் எழுப்பமாட்டேன்’ என்ற வரிக்குக் கீழே அவர்கள் கையெழுத்து இருக்கும். பணிக்கொடையை அப்படி எழுதிக் கொடுத்தாலும் சட்டம் பறிபோக விடாது. அதைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். மற்றவற்றுக்கு அந்த ஒரு வரியை உடைக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பணத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டினார்கள் என்று சொன்னால், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயா என்றுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பார்.

எனவே வெள்ளிக்கிழமை போகலாம், கையெழுத்துப் போடக் கூடாது. ‘வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவாருங்கள். இன்று போடாவிட்டால் சலுகை போய்விடும் என்பார்கள். பெரும்பாலும் போகாது.

அடுத்த அபாயத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ‘ஆதாரத்துக்காகச் சில கோப்புகளை என் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சோதனைத் தரவு, நிரல், வாடிக்கையாளரின் ஆவணம் எதையும் தொடாதீர்கள். நிறுவனத்தின் கணினியிலிருந்து அனுமதியில்லாமல் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது. தீய நோக்கத்தோடு செய்ததாகக் காட்டினால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. நியாயமான வழக்கோடு வந்த நல்ல பொறியாளர்கள் இந்த ஒரு செயலால் புகார் கொடுத்தவர் என்ற நிலையிலிருந்து குற்றம்சாட்டப்பட்டவர் என்ற நிலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இழப்பீடு பற்றிய பேச்சே எழாது. நிறுவனம் தன் புகாரைக் கைவிட்டால் போதும் என்று அந்தப் பொறியாளர்களே சொல்லிவிடுவார்கள். நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, உங்களுக்கு வந்த பணி மதிப்பீட்டுக் கடிதங்கள், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கான அழைப்பு, அன்று எச்.ஆர். அனுப்பிய குறுஞ்செய்திகள் ஆகிய உங்கள் சொந்தக் காகிதங்கள் போதும். ‘ஆறு மணிக்குள் முடித்துவிட்டீர்களா’ என்று ஐந்தரைக்கு ஒரு செய்தி வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, ஆயிரம் கோப்புகளைவிட அது பெரியது. அதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, நீங்கள் பெருமையாகச் சொல்லும் ‘14 பேர் கொண்ட குழு’. நிர்வாகப் பணியில் இருப்பவருக்கும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளருக்கும் ஆட்குறைப்பு இழப்பீட்டுப் பாதுகாப்பு இல்லை. பதவிப் பெயர் முக்கியமில்லை, உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. விடுப்பை நீங்கள் இறுதியாக அனுமதித்தீர்களா, பரிந்துரை மட்டும் செய்தீர்களா? ஆள் எடுப்பதும் நீக்குவதும் உங்கள் கையெழுத்தில் நடந்ததா? நாளில் பெரும்பகுதி சோதனை வேலையில் போனதா, மேற்பார்வையில் போனதா? பெரும்பகுதி சோதனை வேலைதான் என்றால் நீங்கள் தொழில்நுட்பத் தொழிலாளர். அப்போது சம்பள உச்சவரம்பு கிடையாது. ஆனால் லிங்க்ட்இன் பக்கத்தில் ‘குழுவின் முழு நிர்வாகப் பொறுப்பு’ என்றும், சுயமதிப்பீட்டுப் படிவத்தில் அதைவிடப் பெரிதாகவும் எழுதியிருப்பீர்கள். எல்லோரும் எழுதுவதுதான். அதை அச்சடித்து நீதிமன்றத்தில் முதல் ஆவணமாக வைப்பார்கள். இப்போது போய் அழிக்காதீர்கள், அது இன்னும் மோசம். இனி எழுதும் எதிலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டீர்கள். கிடைக்கலாம். 2015-இல் சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்ட பொறியாளருக்கு 2022-இல் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் மீண்டும் வேலை வழங்க உத்தரவிட்டது. அவர் மேலாளர், தொழிலாளர் இல்லை என்ற நிறுவனத்தின் வாதம் நிற்கவில்லை. அந்தத் தீர்ப்பு உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஏழு ஆண்டுகள். அவர் ராஜினாமா கொடுக்கவும் இல்லை. வீட்டுக் கடனோடு ஏழு ஆண்டு காத்திருக்க உங்களால் முடியாது என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

ஆகவே என் ஆலோசனை சமரசம்தான். ராஜினாமாவைத் திரும்பப் பெற்ற மறுநாள் அவர்கள் நிலை மாறிவிடும். இனி அவர்களே நீக்க வேண்டும். விசாரணை நடத்தாமல் ‘செயல்திறன் குறைவு’ என்று எழுதி நீக்கினால் அதைக் காப்பாற்றுவது கடினம் என்று அவர்களுடைய வழக்கறிஞருக்குத் தெரியும். ஆட்குறைப்பு என்று நீக்கினால் இழப்பீடு தர வேண்டும். அந்த இடத்தில் நின்று பேசுங்கள். பணிக்கொடை தனிக் காசோலை, அது பேரத்தில் வராது. அதற்கு மேல், இரண்டு மாத நோட்டீஸ் சம்பளம், 3,30,000-க்குக் குறையாத இழப்பீடு, விடுப்புப் பணம். விடுவிப்புக் கடிதத்தின் வாசகத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே வையுங்கள். அடுத்த நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்புக்குக் கேட்டால் தேதியையும் பதவியையும் தவிர வேறெதுவும் சொல்லமாட்டோம் என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். உங்கள் வயதில் உங்களுக்கு அடுத்த வேலை கிடைப்பது பெருமளவு இந்தச் சரிபார்ப்பில்தான் இருக்கிறது. ஒரு லட்சம் குறைந்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் வந்த பிறகு, அல்லது பணம் கைமாறும் அதே நேரத்தில்தான் கையெழுத்து.

மாமியாருக்குச் சர்க்கரை நோய் என்றீர்கள். அலுவலகக் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறுவதைப் பற்றி விலகும் நாளுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பிறகு புதிதாக எடுத்தால் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வீட்டுக் கடன் விஷயத்தில், தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் போய் வேலை நிலவரத்தைச் சொல்லித் தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்பவருக்கு வங்கி காட்டும் முகம் வேறு. சமரசப் பேச்சு முடியும்வரை வருங்கால வைப்பு நிதியில் கை வைக்காதீர்கள். கையில் பணம் தீர்ந்துபோனது தெரிந்தால் அவர்கள் தொகையை ஏற்றமாட்டார்கள்.

அவர்கள் மசியாவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அது இரண்டு ஆண்டு. மூன்று ஆண்டு இருக்கிறதென்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆனால் முதலில் அந்த நான்கு வரி மின்னஞ்சல். அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு, வெள்ளிக்கிழமைக்கு முன்பே, தொழிலாளர் வழக்குகளை மட்டும் நடத்தும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.