பிரம்பும் வயிற்றுவலியும்

அன்புள்ள ஐயா,

பி.எட். முதலாமாண்டு படிக்கிறேன். உளவியல், சமூகவியல் இரண்டின் அடிப்படைகளையும் எந்த வரிசையில் படிப்பது? ஓசை கேட்டாலே எச்சில் ஊறப் பழக்கப்பட்ட பாவ்லோவின் நாய் இன்றைய வகுப்பறைக்குத் தேவைதானா? ‘பிரம்படி – எதிர்மறை வலுவூட்டல்’ என்பதுபோல ஒற்றை வரிகளாகக் குறித்துவைத்திருக்கிறேன். தேர்வுக்குப் போதுமா?

ம.

அன்புள்ள ம.,

நாய் பிழைத்துப்போகட்டும். முதலில் அந்த ஒற்றை வரியை அடியுங்கள்.

பிரம்படி தண்டனை. ஒரு செயலைக் குறைக்கத் தருவது. வலுவூட்டல் எதுவானாலும் அதனால் செயல் கூட வேண்டும். ‘எதிர்மறை’யைக் கெட்டது என்று வாசிக்கிறீர்கள், தம்பி, அது வெறும் கழித்தல் குறி. எலி நெம்புகோலை அழுத்துகிறது, காலடியில் பாயும் மின்சாரம் நிற்கிறது, மறுமுறை இன்னும் விரைந்து அழுத்துகிறது. தொல்லை கழிந்தது, பழக்கம் வலுத்தது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரே 1938இல் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்பதைத் தண்டனை என்ற பொருளில் கையாண்டு, 1953இல்தான் மாற்றிக்கொண்டார். அவருக்குப் பதினைந்து ஆண்டு. உங்களுக்கு ஒரு மாலை போதும்.

இவ்வளவு கடுமை எதற்கு என்றால், நானே அந்த எலி. நான்காம் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் பதினாறாம் வாய்பாடு ஒப்பிக்க வேண்டும், தவறினால் பிரம்படி. ஒரு திங்களன்று வயிறு வலித்தது. அம்மா ஓமம் வறுத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்து, திண்ணையில் பாய் விரித்துவிட்டாள். தூரத்தில் பள்ளி மணி அடித்து ஓய்ந்ததும் வலி போய்விட்டது. அடுத்த திங்களும் வலித்தது. நடிப்பில்லை, நிஜமாகவே வலித்தது. மேலே படாமலே அந்தப் பிரம்பு எனக்கு வயிற்றுவலியைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் கஷாயம் வைத்துக்கொடுக்க ஆளில்லை. நான் போன நாட்களில் பார்த்திருக்கிறேன்: அடி வாங்கிய உள்ளங்கையை டவுசரில் தேய்த்துக்கொண்டு வந்து உட்காருவான். நாங்கள் சிரிப்போம். சிரித்துக்கொண்டே முதுகை நிமிர்த்திக்கொள்வோம். தண்டனை குற்றவாளியைவிட மற்றவர்கள் மேல்தான் அதிகம் வேலை செய்கிறது என்று 1893இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது அந்த டவுசர்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் சமூகவியல் அங்கே இருக்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல்தண்டனையைத் தடைசெய்துவிட்டது. வெளியே போன பிரம்பை நீங்கள் ‘வலுவூட்டல்’ என்று நல்ல பெயர் சூட்டி உள்ளே கூப்பிடுகிறீர்கள்.

வரிசை கேட்டீர்கள் அல்லவா? பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போகும்போது, வயிற்றுவலி என்று எழுதிய விடுப்புக் கடிதங்களை வாங்கிக் கிழமைவாரியாக அடுக்கிப் பாருங்கள்.