ஒரு செல்லுக்கு எதற்கு ஹார்மோன்?

கேள்வி: மூளை இல்லை, ரத்தம் இல்லை, சுரப்பியும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு செல் உயிரிக்கு ஸ்ட்ரெஸ் வந்தால் ஹார்மோன் கூடுகிறது என்கிறார்களே, இதை நம்பச் சொல்கிறீர்களா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நம்பலாம். ஆனால் ஸ்ட்ரெஸ் என்றதும் 'மன அழுத்தம்' என்று எடுத்துக்கொள்வதை முதலில் விடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1936-ல் ஹான்ஸ் செலியே என்ற ஸ்ட்ரெஸ் ஆராய்ச்சி முன்னோடி எலிகளைக் குளிராலும் காயத்தாலும் மருந்தாலும் வாட்டிப் பார்த்துவிட்டு, எதனால் வாட்டினாலும் உடம்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எதிர்கொள்கிறது என்று எழுதினார். பேச்சு உடம்பைப் பற்றி, மனசைப் பற்றி அல்ல.

குளத்துத் தண்ணீரில் டெட்ராஹைமினா என்று ஒரு செல் உயிரி ஒன்று உண்டு, பேரிக்காய் வடிவம், உடம்பெல்லாம் மயிரிழைகள். இன்சுலின், செரோட்டோனின் போன்ற ஹார்மோன்கள் இதற்குள் இருப்பதையும், சூடு, பட்டினி போன்ற தொல்லைகளில் அவற்றின் அளவு மாறுவதையும் புடாபெஸ்டில் ஜியோர்ஜி சாபா குழுவினர் வருஷக்கணக்காக அளந்தார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதம், ஒட்டிக்கொள்வதை வைத்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள், சாயலில் ஒத்த வேறு பொருளிலும் அது ஒட்டும்.

சரி, தயக்கமே வேண்டாத சாட்சி வேண்டுமா? மண்ணில் பாக்டீரியாவைத் தின்று தனித்தனியாகத் திரியும் டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவைப் பாருங்கள். தீனி தீர்ந்ததும் சில செல்கள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளை வெளியே விடும், பக்கத்துச் செல் அதை உணர்ந்து அந்தப் பக்கம் நகரும், தானும் கொஞ்சம் விடும், அப்புறம் அதற்கடுத்தது; ஏறக்குறைய 6 நிமிடத்துக்கு ஒரு அலை என்று இப்படியே போய், சில சமயம் 1 லட்சம் செல்கள் வரை ஒரே இடத்தில் குவிந்துவிடும். இதை ஹார்மோன் என்பதா கூடாதா என்று பெயருக்காகச் சண்டை போடலாம். ஆனால் ஒரு செல் விடுகிறது, இன்னொன்று தன் மேல்பரப்பில் அதைப் பிடிக்கும் ஏற்பி வழியாக வாங்கி நடத்தையை மாற்றிக்கொள்கிறது. ஹார்மோன் செய்யும் வேலை இதுதானே? உங்களுக்குத் திடுக்கென்று பயம் வந்து அட்ரினலின் பாயும்போது, ஈரல் செல்லுக்குள் அந்தச் செய்தியை எடுத்துப்போவதும் இதே சைக்ளிக் ஏஎம்பிதான். அதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971-ல் நோபல் கொடுத்தார்கள்.

குவிந்த அமீபாக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்டாக நிமிர்ந்து நின்று செத்துப்போகும். மற்றவை அதன் உச்சியில் ஏறி விதைத்துகள்களாகி, தீனி கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேரக் காத்திருக்கும்.