நீளக் கொம்புக்கு நீளக் கொம்பு பிறக்குமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் தென்னந்தோப்பில் எருக்குழியைக் கிளறும்போது கிடைக்கும் காண்டாமிருக வண்டுகளை என் மகள் பள்ளிச் செயல்திட்டத்துக்காகச் சேர்த்துவருகிறாள். ஒன்றுக்குக் கொம்பு நீளமாக வளைந்திருக்கிறது, இன்னொன்றுக்கு வெறும் மொட்டைதான். குட்டைக் கொம்பு உள்ளவை வேறு இனமா, அல்லது எல்லாமே பெண்களா? ஜப்பானில் இப்படிப்பட்ட வண்டுகளை வளர்த்து விற்கிறார்களாம். நீளக் கொம்பு ஆண்களையே பொறுக்கியெடுத்து இனம் பெருக்கினால் அடுத்த தலைமுறைக்கும் நீளக் கொம்பு வருமா? சண்டைக்குக் கொம்பு அவ்வளவு உதவும் என்றால் எல்லா ஆண்களுக்கும் ஏன் அது பெரிதாக இல்லை? மகள் கையால் செய்துபார்க்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

முருகேசன், ஆனைமலை

அன்புள்ள முருகேசன்,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே பிடிபடும்.

நீளக் கொம்பு ஆணின் மகனுக்கு நீளக் கொம்பு வந்தே தீரும் என்பதில்லை. கொம்புள்ள பூச்சிகளில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவை ஆந்தோஃபேகஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சாண வண்டுகள். இவற்றின் பெண், சாணத்துக்கு அடியில் மண்ணில் சுரங்கம் தோண்டி, சாணத்தை உள்ளே இழுத்துச் சென்று உருண்டையாகத் திணிக்கிறது. ஓர் உருண்டைக்கு ஒரு முட்டை. பொரித்து வரும் புழுவுக்கு வாழ்நாள் முழுவதற்கும் அந்த உருண்டைதான் உணவு. தீர்ந்துபோனால் வேறு உணவு தேடிப் போக வழியில்லை. பெரிய உருண்டையில் பிறந்தது பெரிய வண்டாகிறது, சிறியதில் பிறந்தது சிறியதாகிறது. ஆந்தோஃபேகஸ் டாரஸ் என்ற இனத்தில் முன்மார்புக் கவசத்தின் (தலைக்கு அடுத்துள்ள கெட்டியான மேலோடு) அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டரைத் தாண்டிய ஆணுக்கு மாட்டுக் கொம்பு போல வளைந்த இரு கொம்புகள் முளைக்கின்றன. அதற்குக் கீழே நின்றுவிட்ட ஆணுக்கு இரண்டு சிறு மேடுகள் மட்டுமே. இடைப்பட்ட அளவில் கொம்புள்ளவை மிகக் குறைவு. ஒரே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த சகோதரர்களில் ஒருவன் கொம்பனாகவும் இன்னொருவன் மொட்டையாகவும் இருப்பது இங்கே சாதாரணம்.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஊளைக் குரங்குகளின் சாணத்தில் வாழும் ஆந்தோஃபேகஸ் அக்யுமினேடஸ் இனத்தை டக்ளஸ் எம்லென் என்ற உயிரியலாளர் ஆராய்ந்தார். புழுக்களுக்குக் கிடைக்கும் சாணத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது, மகன்களின் கொம்பு தாங்கள் தின்றதைப் பொறுத்தே அமைந்தது. தந்தையின் கொம்பு நீளத்துக்கும் மகனின் கொம்பு நீளத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை.

அப்படியானால் கொம்பில் பரம்பரைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. 1996ல் எம்லென் வெளியிட்ட தேர்வுச் சோதனைதான் இதைத் தெளிவாக்கியது. கொம்பு வெறுமனே நீளமாக இருப்பவற்றை அவர் பொறுக்கவில்லை. தன் உடல் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிட நீளமான கொம்புள்ளவற்றை ஒரு வரிசையிலும், எதிர்பார்ப்பதைவிடக் குட்டையானவற்றை இன்னொரு வரிசையிலும் இனம் பெருக்கினார். ஏழு தலைமுறைகளில் இரு வரிசைகளும் பிரிந்துவிட்டன. ஒன்றில் சிறிய உடலுக்கே கொம்பு முளைத்தது, மற்றதில் பெரிய உடல் வந்த பிறகே முளைத்தது. ஆக, பரம்பரையாக வருவது கொம்பின் நீளமல்ல. ‘இந்த அளவு உடல் சேர்ந்தால் கொம்பு வளர்’ என்ற விதியும் அதன் எல்லைக்கோடும்தான் வழிவழியாக வருகின்றன. பூச்சி ஆயுதங்களின் பரிணாமத்தில் வேறெதையும்விட இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இயற்கைத் தேர்வு இழுத்துப் பிடிப்பது அந்த எல்லைக்கோட்டைத்தான்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த டாரஸ் இனம் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணத்தை மண்ணுக்குள் இறக்குவதற்காக வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். சில பத்தாண்டுகளுக்குள் இரு இடங்களிலும் எல்லைக்கோடு வெவ்வேறாகிவிட்டதை ஆர்மின் மோசெக் என்ற உயிரியலாளரின் குழுவினர் காட்டினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் வண்டுகள் மிக நெருக்கமாக வாழ்கின்றன, போட்டி கடுமை. நடுத்தர உடலோடு சண்டைக்குப் போகிறவனுக்கு அங்கே வெற்றி வாய்ப்பு குறைவு. எனவே கொம்பு வளர்க்க அங்கே கூடுதல் உடல் அளவு தேவைப்படுகிறது.

இனி, கொம்பு எப்போது வளர்கிறது என்பது. வளர்ந்த வண்டுக்குப் பழமோ சர்க்கரைப் பாகோ எவ்வளவு வைத்தாலும் கொம்பு ஓர் இழைகூட நீளாது. புழுவுக்கு மூன்று பருவங்கள். மூன்றாம் பருவத்தின் இறுதியில் அது தீனியை நிறுத்தி, கூட்டுப்புழுவாக மாறத் தயாராகும் சில நாள்களில்தான் கொம்பு உருவாகிறது. தலையின் மேல்தோல் செல்கள் பழைய ஓட்டிலிருந்து விலகி வேகமாகப் பெருகுகின்றன. ஓட்டுக்குள் இடமில்லாததால் அந்தத் திசு சுருக்கம் சுருக்கமாக மடிந்து கிடக்கிறது. புழுத்தோல் உரியும்போது உடல் திரவத்தின் அழுத்தத்தால் மடிப்புகள் விரிந்து கொம்பாக நிமிர்கின்றன. எந்த மடிப்பு எங்கே, எவ்வளவு ஆழம் என்பதிலேயே கொம்பின் முழு வடிவமும் அடங்கியிருக்கிறது.

ஜப்பானில் கபுடோமுஷி என்ற காண்டாமிருக வண்டை வளர்ப்பவர்கள் கஷ்டப்படுவது இந்தக் கட்டத்தில்தான். அந்தப் புழு மண்ணுக்குள் செங்குத்தாக ஓர் அறை அமைத்து அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. அந்த நேரத்தில் பெட்டியைக் கிளறி அறை இடிந்துவிட்டால் கொம்பு வளைந்தோ இறக்கை சரியாக மூடாமலோ வண்டு வெளிவரும். அறை உடைந்துவிட்டால் பூ அலங்காரத்துக்குப் பயன்படும் பஞ்சுக்கட்டியில் குழி தோண்டி, கூட்டுப்புழுவை அதில் நிறுத்திவைக்கிறார்கள். பெரிய கொம்புக்காக அவர்கள் உழைப்பதெல்லாம் புழுப்பருவத்தில்தான்: நன்றாக மக்கிய இலைமண், போதிய இடம், ஒரு பெட்டியில் அதிகப் புழுக்களைப் போடாமை. நல்ல ஆணின் குஞ்சுகளை மோசமான மண்ணில் விட்டால் சின்னக் கொம்புகள்தான் கிடைக்கும்.

உணவு எப்படிக் கொம்பாகிறது என்பதற்கு 2012ல் எம்லென் குழு இதே ஜப்பானிய வண்டில் விடை கண்டது. நன்றாகத் தின்ற புழுவின் உடலில் இன்சுலின் வகைச் சமிக்ஞைகள் அதிகம். அவற்றைப் பெறும் ஏற்பியின் மரபணுவை, கொம்பு வளரும் சமயத்தில் ஆர்.என்.ஏ. ஊசி போட்டு அடக்கினார்கள். கொம்பு சுமார் 16 விழுக்காடு குறுகியது. இறக்கை 2 விழுக்காடு. ஆண் பிறப்புறுப்பில் மாற்றமே இல்லை. ஒரே ரத்தத்தில் ஓடும் ஒரே செய்தியைக் கொம்புத் திசு மிகையாகக் கேட்கிறது, பிறப்புறுப்பு காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அதனால்தான் சின்ன ஆணும் பெரிய ஆணும் நின்றால் உடலில் உள்ள வித்தியாசத்தைவிடக் கொம்பில் உள்ள வித்தியாசம் பல மடங்கு தெரிகிறது. ஜப்பானிய வண்டில் கொம்பு 7 மில்லிமீட்டர் முதல் 32 மில்லிமீட்டர் வரை போகிறது.

இதோடு வேறு சில பொறுப்பாளர்களும் இருக்கிறார்கள். இளம்பருவ ஹார்மோன் எல்லைக்கோட்டைத் தீர்மானிப்பதில் பங்கு வகிக்கிறது. ‘டபுள்செக்ஸ்’ என்ற மரபணு ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு ஒரு விதமாகவும் வேலை செய்கிறது. மார்பின் மேல் முளைக்கும் கொம்பு, இறக்கையை உருவாக்கும் மரபணுக்களின் உதவியோடு எழுகிறது என்று 2019ல் மோசெக் குழு காட்டியது. புதிய உறுப்புக்காகப் புதிய மரபணுக்கள் தேவைப்படவில்லை, கையிருப்பில் இருந்தவையே போதுமானவையாக இருந்தன.

சரி, எல்லோருக்கும் ஏன் பெரிய கொம்பு இல்லை? சிறிய உடலுக்குக் கொம்பு லாபமில்லை என்பதால். சாண வண்டுகளில் கொம்பன் சுரங்க வாசலில் நின்று காவல் காப்பான். மொட்டை ஆண் பக்கத்திலேயே தனிச் சுரங்கம் தோண்டி, வாசலைத் தொடாமல் பெண் இருக்கும் இடத்துக்கு உள்ளே புகுந்துவிடுவான். குறுகலான சுரங்கத்தில் ஓட அவனுக்குக் கொம்பில்லாமல் இருப்பதே வசதி. கொம்பன் ஆக முடியாதவனின் தோல்வியாக இதைப் பார்க்கக் கூடாது, இது முழுமையான இன்னொரு பிழைப்பு. இரண்டல்ல, மூன்று வகை ஆண்கள் உள்ள வண்டினங்களும் உண்டு.

கொம்புக்கு விலையும் உண்டு. கூட்டுப்புழுவாகும் சமயத்தில் தீனி நின்றுவிட்டதால், கொம்புக்குப் போகும் சத்து வேறெங்கிருந்தோதான் வர வேண்டும். 2001ல் எம்லென் பல ஆந்தோஃபேகஸ் இனங்களை ஒப்பிட்டபோது, தலையின் பின்பகுதியில் கொம்புள்ளவற்றுக்குக் கண் சிறுத்தும், முன்பகுதியில் உள்ளவற்றுக்கு உணர்கொம்பு சிறுத்தும், மார்பில் உள்ளவற்றுக்கு இறக்கை சிறுத்தும் இருந்தன. பக்கத்து உறுப்புதான் பலி. 2006ல் லீ சிம்மன்ஸும் எம்லெனும் ஓர் இனத்தில் கொம்பாக வேண்டிய செல்களைப் புழுப்பருவத்திலேயே சுட்டு அழித்தார்கள். அந்த ஆண்கள் பெரிதாக வளர்ந்தன, விதைப்பைகளும் பெருத்தன. எதிரிகளாலும் செலவு வருகிறது. ஜப்பானில் ரக்கூன் நாயும் காட்டுக் காகமும் பெண் வண்டுகளைவிட ஆண்களையே அதிகம் தின்கின்றன, அவற்றிலும் பெரிய கொம்பன்களை. ஆனால் பறக்கும்போது கொம்பு பெரிய பாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது உள்ளீடற்றது, மிக இலேசானது. ஜப்பானிய வண்டில் அளந்து பார்த்தபோது பறத்தலுக்கு ஏற்படும் தடை மிகச் சொற்பம் என்றே தெரிந்தது.

கொம்பு எந்த இனத்தில் தோன்றும் என்பதற்கும் ஒரு தர்க்கம் உண்டு. காத்து நிற்கத்தக்க குறுகிய இடம் வேண்டும், அங்கே ஒருவனுக்கு ஒருவன் என்று மோத வேண்டும். சாணத்தை உருட்டிக்கொண்டு வெட்டவெளியில் ஓடும் வண்டினங்களில் கொம்பு அரிது. சுரங்கம் தோண்டும் இனங்களிலேயே அது திரும்பத் திரும்பத் தோன்றியிருக்கிறது. வடிவமும் சண்டையைப் பொறுத்ததே. ஜப்பானிய வண்டு கவைக்கொம்பை எதிரியின் அடியில் செருகி, முறுக்கி, மரத்திலிருந்து பெயர்த்தெறியும். அதன் கொம்பை வெட்டிப் பார்த்தால் முக்கோணம், முறுக்கலைத் தாங்கும். ஹெர்குலிஸ் வண்டு மேலும் கீழுமாக இரு கொம்புகளால் கவ்வித் தூக்கும். அதன் வெட்டுமுகம் மேல்கீழாக உயர்ந்த நீள்வட்டம்.

இப்போது உங்கள் எருக்குழி. உங்களிடம் கிடைப்பது ஒரிக்டஸ் ரைனோசிரஸ் என்ற தென்னைக் காண்டாமிருக வண்டு. இதில் ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு. சராசரியாக ஆணுக்கு நீளம் அதிகம், ஆனால் சிறிய ஆணும் பெரிய பெண்ணும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே கொம்பைப் பார்த்து ஆண், பெண் பிரிக்கக் கூடாது. வண்டைத் திருப்பி வயிற்றின் நுனியைப் பாருங்கள். செம்பழுப்பு மயிர் அடர்ந்து குஞ்சம்போல் இருந்தால் பெண். வழுவழுப்பாக இருந்தால் ஆண். கொம்பு நுனியில் இரண்டாகக் கவைத்திருந்தால் அது வேறு இனம், தனியாக வையுங்கள்.

மகளுக்கான வேலை இது. 1892ல் பேட்சன், பிரிண்ட்லி என்ற இரு ஆய்வாளர்கள் கவைக்கொம்பு வண்டுகளையும் இடுக்கிவால் பூச்சிகளையும் ஏராளமாக அளந்து, ஆண்கள் இரு கூட்டமாகப் பிரிவதைக் காட்டினார்கள். அதே வேலையை உங்கள் தோப்பிலும் செய்யலாம். குறைந்தது 60 ஆண்கள் வேண்டும். ஒரே குழியிலிருந்து எடுத்தால் எல்லாம் ஒரே அளவில் இருந்து வரைபடத்தில் ஒரு குவியல் மட்டுமே விழும். நன்றாக மக்கிய குழி, பாதி மக்கிய குழி, செத்த தென்னை மரத்தண்டு என மூன்று இடங்களிலிருந்தாவது எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்து மண்பானையில் தோப்பில் வைத்தாலும் வண்டுகள் வந்து விழும். இனக்கவர்ச்சிப் பொறியில் பெண்களே அதிகம் சிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பினால் ஆண்கள் தேறுவது கடினம்.

உடல் அளவுக்கு மொத்த நீளத்தை எடுக்காதீர்கள். காய்ந்தால் வயிறு சுருங்கும், தலை முன்னும் பின்னும் சாயும், அளவு தவறும். முன்மார்புக் கவசத்தின் மிக அகலமான இடத்தை டிஜிட்டல் காலிப்பரால் அளக்க வேண்டும். அது கெட்டியான ஓடு, சுருங்காது. கொம்புக்கு, அடியில் தலையோடு சேரும் முன்விளிம்பிலிருந்து நுனிவரை நேர்க்கோட்டில். எல்லா வண்டிலும் அதே புள்ளியிலிருந்து. மண்ணையும் ஓலையையும் குடைந்து நுனி மழுங்கியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மழுங்கிய கொம்பு பெரிய வண்டுகளில் விழுந்தால் வரைபடத்தின் மேல்முனை பொய்யாகத் தட்டையாகும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து, வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் மறுபடி அளக்கட்டும்.

கவச அகலம் கிடை அச்சில், கொம்பு நிலை அச்சில். இரண்டையும் மடக்கையாக மாற்றி வரைந்தால் கோட்டின் சாய்வு 1ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். தாண்டினால் உடல் வளரும் வேகத்தைவிடக் கொம்பு வேகமாக வளர்கிறது என்று பொருள். பெண்களைத் தனி நிறத்தில் குறிக்கட்டும். இரண்டையும் கலந்துவிட்டால் இரு கூட்டம் இருப்பதுபோல் தோன்றும், அது ஆண், பெண் வித்தியாசமாக மட்டுமே இருக்கும். பிறகு இடம்வாரியாகப் பிரித்துப் பார்க்கட்டும். பாதி மக்கிய குழியிலிருந்து வந்தவை கோட்டின் கீழ்ப்பக்கம் திரள்கின்றனவா என்பதுதான் நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கான நேரடி விடை.

அளந்த வண்டுகளைத் திரும்பத் தோப்பில் விடாதீர்கள், வீட்டில் இனம் பெருக்கவும் வேண்டாம். குருத்தைத் துளைக்கும் பூச்சி அது. சோப்பு நீரில் போட்டுக் கொன்று, நிழலில் உலர்த்தி, நாப்தலின் உருண்டையோடு பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். குழியைக் கிளறும்போது பச்சைப் பூஞ்சை படர்ந்து விறைத்த புழுக்கள் கிடைத்தால் அவற்றை எடுத்தெறிய வேண்டாம். அது பெரும்பாலும் மெட்டாரைசியம், உங்கள் பக்கம் நின்று வேலை செய்வது. அப்படியே குழியில் விட்டுவிடுங்கள்.

அன்புடன்.