விமானக் கழிப்பறை வடிவமைப்பு: கேள்வி பதில்

ஃப்ளஷ் அழுத்தினால் ஏன் அவ்வளவு சத்தம்?
அது காற்றின் சத்தம். 35,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் கேபினைவிட ஏறக்குறைய அரை வளிமண்டலம் குறைவு; கழிவுத் தொட்டியிலும் அதே தாழ்வழுத்தம்தான். முதலில் ரின்ஸ் வால்வு கோப்பையின் விளிம்பில் சுமார் 200 மி.லி. தண்ணீர் விடும். பிறகு அடியிலுள்ள ஃப்ளஷ் வால்வு சில விநாடி திறக்க, கேபின் காற்று கழிவைத் தள்ளிக்கொண்டு ஓடும். சுமார் 16,000 அடிக்குக் கீழே இந்த வித்தியாசம் போதாது. தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சித் தாழ்வழுத்தம் உண்டாக்கும் வாக்யூம் புளோயர் ஓடியாக வேண்டும். இவ்வளவு குறைந்த தண்ணீருக்குக் கோப்பையில் ஒட்டாத பூச்சு கட்டாயம். தேய்ப்புப் பவுடர் போட்டால் பூச்சு போய்விடும், தயவுசெய்து போடாதீர்கள்.

சுவருக்கு என்ன பொருள்?
நடுவே தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட மையம், இருபுறமும் ஃபீனாலிக் பிசினில் தோய்த்த கண்ணாடி இழைத் தகடு. சுவரைவிடத் தரைத் தட்டின் ஓரத்தைக் கவனியுங்கள்; காரணம் கீழே.

கழிவுக் குழாய் 50 மி.மீ.தானே? 75 ஆக்கினால் அடைக்காதே, சார்?
இன்னும் மோசமாக அடைக்கும். கழிவு குழாயை நிறைத்தபடி நகர்ந்தால்தான் பின்னாலுள்ள காற்று அதைத் தள்ளும். 75 ஆனால் பரப்பு 2.25 மடங்கு, காற்று மேலாக ஓடிவிடும், கழிவு அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு ஃப்ளஷிலும் வீணாகும் கேபின் காற்றும் கூடும்.

சிறுநீர் உப்பு படிந்தால் சின்னக் குழாய்தானே முதலில் சுருங்கும்?
நியாயமான வாதம். சுற்றிலும் 3 மி.மீ. படிந்தாலே 50 மி.மீ. குழாயில் கால்வாசிப் பரப்பு போய்விடும். ஆனால் அதற்கு மருந்து குழாயைப் பெரிதாக்குவதல்ல. வளைவுகளுக்கு அகன்ற ஆரம், கிளைகளுக்கு 45 டிகிரி இணைப்பு, தவணை தவறாத அமிலக் கழுவல். 90 டிகிரி டி-இணைப்பு (T வடிவம்) வைத்தால் கழிவு எதிர்க்கிளைக்குள் பாயும்; படிவும் அங்கேதான் தொடங்கும்.

புளோயரையாவது பெரிதாக்கலாமே?
உயரே பறக்கும்போது அது ஓடுவதே இல்லை. பயணம் முழுக்க வெறும் எடை. இந்த விவாதம் போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

உட்கார்ந்தபடி அழுத்தினால் உறிஞ்சிவிடுமா?
இருக்கைக்கும் கோப்பைக்கும் நடுவே காற்று நுழைய இடைவெளி விட்டுத்தான் வடிவமைக்கிறோம். உறிஞ்சாது.

குழந்தை உட்கார்ந்தால்?
மேலே பார்க்கவும்.

கழிவை வானத்தில் கொட்டுகிறார்களா?
இல்லை. பல விமானங்களில் கை கழுவிய தண்ணீர் மட்டும் சூடாக்கிய வடிகுழாய் வழியாக வெளியேறும்.

மலம் கீழே விழுமா, சார்?
முந்தைய பதிலைப் படியுங்கள்.

புகைக்கத் தடை இருக்கும்போது சாம்பல் கிண்ணம் எதற்கு?
தடையை மீறுபவர் சிகரெட்டைக் காகிதம் நிறைந்த குப்பைப் பெட்டிக்குள் போடக் கூடாது என்பதற்காக. 1973-ல் பாரிஸின் ஓர்லி அருகே வாரிக் 820 விமானத்தின் பின்புறக் கழிப்பறையில் பற்றிய தீ 123 உயிர்களைக் குடித்தது. கதவருகே சாம்பல் கிண்ணம், புகை உணரி, குப்பைப் பெட்டிக்குள் வெப்பத்தில் முனை உருகித் தானே பீய்ச்சும் அணைப்பான் எல்லாம் இன்று விதி. பெட்டியின் ஸ்பிரிங் மூடி முழுதாக மூடாவிட்டால் அணைக்கும் வாயு வெளியேறும், தீக்குக் காற்றும் கிடைக்கும். அந்த ஸ்பிரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாணவன் நான். எங்கிருந்து வரையத் தொடங்குவது, ஐயா?
தரைத் தட்டிலிருந்து. ஒரே துண்டாக, ஓரங்கள் மேலே மடிந்து, சுவரோடு சேருமிடம் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசி இருக்க வேண்டும். அந்த மடிப்பில் ஒரு திருகு துளைத்தாலும் சிறுநீர் கீழிறங்கி அலுமினியத் தரை விட்டங்களை அரிக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. தட்டைக் கழற்றும் பெரிய பராமரிப்பில்தான் வெளிப்படும், அப்போது விட்டத்தையே மாற்ற வேண்டிவரும்.

உள்ளே தாழிட்டுக்கொண்டு மயங்கினால்?
தனிக் கருவி இல்லாமல் வெளியிலிருந்து திறக்க முடியும்படிதான் பூட்டு இருக்க வேண்டும் என்பது விதி. திறக்கும் முறையைப் பணிக்குழுவிடம் கேளுங்கள்.